டிக்கிக்குப் பின்னால் தேய்த்த பந்து

ஒரு லீக் இறுதிப் போட்டியை நான் விதியை மீறி வென்றேன். இரண்டாவது ஆட்டம் முடிந்து மூன்றாவது தொடங்குவதற்கு முன் கிடைத்த இடைவேளையில், கட்டைவிரல் ஓட்டைக்கு டேப் மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டு, பந்துப் பையை இழுத்துக்கொண்டு பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குப் போனேன். காரின் டிக்கிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேய்ப்புத் தாளைத் தண்ணீரில் நனைத்து, பந்தைச் சுற்றிலும் தேய்த்தேன். துடைத்தேன், பைக்குள் வைத்தேன், மேலே வந்து ஆடினேன். வென்ற பிறகு கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கும் நின்றேன்.

டென்பின் பௌலிங்கில் இது தெளிவான குற்றம். போட்டி தொடங்கிய பிறகு தேய்ப்புப் பொருள் எதையும் கொண்டு பந்தின் மேற்பரப்பை மாற்றக் கூடாது; மாற்றினால் அந்தப் பந்தைப் போட்டியிலிருந்து விலக்கிவிட வேண்டும். சர்வதேசப் போட்டிகளிலும் அமெரிக்கச் சங்கத்திலும் இதுதான் விதி. எங்கள் லீக்கும் அதையே எடுத்துக்கொண்டிருந்தது. விதி தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவனே நான்தான்.

கோப்பைக்காக மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. தேய்த்ததை மறைக்க அதற்குப் பிறகு நான் ஒரு பொய் சொன்னேன். தேய்த்ததைவிட அந்தப் பொய் அதிகக் கெடுதல் செய்தது. ஓர் இளைஞனின் கையை அது கெடுத்தது. இவை இரண்டுக்கும் முன்னால், செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையை மாதக்கணக்கில் செய்யாமல் தள்ளிப்போட்டிருந்தேன். மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வாக்குமூலம் முழுமையாகும்.

சென்னையில் பௌலர் என்றால் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பந்து வீசுகிறவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டென்பின் பௌலிங் பலருக்குப் பிறந்தநாள் கொண்டாட்டத்தோடு முடிந்துபோகிற விளையாட்டு. வாடகை ஷூ, வண்ண விளக்கு, பத்துப் பின்னும் விழுந்தால் ஒரு கூச்சல். ஆனால் 1978-இல் பாங்காக் ஆசிய விளையாட்டிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டமாக ஆடினார்கள். தி.நகரில் மாநில அளவிலான போட்டிகள் நடந்திருக்கின்றன. ஷபீர் தன்கோட் போன்ற தமிழ்நாட்டு வீரர்கள் தேசியப் பட்டம் வென்று இந்தியாவுக்காக ஆடியிருக்கிறார்கள். அலுவலகம் முடிந்த கையோடு அடையாறிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் சொந்தப் பந்தோடு வந்து ஆடுகிற ஒரு சிறு கூட்டமும் இந்த ஊரில் உண்டு. மந்தைவெளிக்காரனான நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

நான் செய்த காரியம் என்ன என்று புரிய வேண்டுமானால் லேனில் பூசும் எண்ணெயைப் பற்றித் தெரிய வேண்டும்.

கால் தாண்டக் கூடாத கோட்டிலிருந்து முதல் பின்வரை 60 அடி. அகலம் நாற்பத்தொன்றரை அங்குலம். அதை 39 பலகைகளாகக் கணக்குப் பண்ணுவோம். பார்க்க ஒரே சீராகப் பளபளக்கும் அந்தத் தளத்தின் மேல் ஓர் இயந்திரம் எண்ணெய் பூசிவிட்டுப் போகும். வழக்கமாக முதல் 40 அடி வாக்கில் எண்ணெய் இருக்கும்; மீதி உலர்ந்த தளம். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான் அந்தப் படலம். யார் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் யார் ஜெயிப்பது என்பதில் பாதியை அதுதான் தீர்மானிக்கிறது.

பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டே போகும். உலர்ந்த இடம் வந்ததும் தளத்தைப் பிடித்து வளையும். பிறகு உருண்டு பின்களுக்குள் நுழையும். வலக்கை ஆட்டக்காரருக்கு முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவில், ‘பாக்கெட்’ என்ற இடத்தில், சுமார் 6 டிகிரிக் கோணத்தில் பந்து நுழைந்தால் பத்தும் விழ நல்ல வாய்ப்பு. நேராக விடுகிற பந்துக்கு அந்தக் கோணம் கிடைக்காது. அதற்காகத்தான் இத்தனை பேர் பந்தை வளைய விடும் ‘ஹூக்’ பழகுகிறோம்.

பந்து எங்கே வழுக்குவதை நிறுத்தும், எங்கே வளையும் என்பதில் கை பாதி என்றால் பந்தின் மேற்பரப்பு மீதி. இன்று போட்டிகளில் ஹூக்குக்கு விடுகிற பெரும்பாலான பந்துகளின் மேற்புறம் ரியாக்டிவ் ரெசின் என்ற பொருள். 1990-களின் தொடக்கத்தில் வந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்டது, எண்ணெயை உறிஞ்சக் கூடியது. அதன் சொரசொரப்பைத் தேய்ப்புத் தாளின் எண்ணை வைத்துச் சொல்வோம். 500 என்றால் நல்ல சொரசொரப்பு. 1000, 2000 என்று ஏற ஏற வழுவழுப்பு கூடும். 4000-க்கு மேல் பாலிஷும் போட்டால் பந்தில் முகம் பார்க்கலாம். மழை நாளில் பள்ளம் தேயாத டயர் தண்ணீரை விலக்கிவிட்டுத் தார்ச்சாலையைப் பிடிக்கிறதே, அதேபோல் சொரசொரப்பான பந்து எண்ணெய்ப் படலத்தைத் தாண்டித் தளத்தைத் தொடும். எண்ணெய் அதிகமாக இருக்கும் நாளில் 500-உம் 1000-உம் கைகொடுக்கும். எண்ணெய் குறைவாக இருக்கும் நாளில் அதே பந்து சீக்கிரமே வளைந்து சக்தியை இழக்கும். அன்றைக்கு வழுவழுப்பான பந்து வேண்டும்.

இதில் சங்கடம் என்னவென்றால் மேற்பரப்பு ஒரு நிலையில் நிற்காது. ஒவ்வொரு முறை லேனில் ஓடும்போதும் அதன் சின்னச் சின்ன முனைகள் மழுங்கும். நுண்துளைகளில் எண்ணெய் ஏறும். 2000-இல் தொடங்கிய பந்து, யாரும் தொடாமலேயே சில வாரங்களில் அதைவிட வழுவழுப்பாகிவிடும். எனவே பராமரிப்பு என்பது பந்து வாங்கிய அன்றோடு முடிகிற காரியம் கிடையாது. ஆடுகிற காலம் முழுக்கச் செய்துகொண்டே இருக்க வேண்டிய வேலை. ஆடி முடித்ததும், எண்ணெய் உள்ளே இறங்குவதற்குள், பந்தைத் துடைக்க வேண்டும். ஐம்பது அறுபது ஆட்டங்களுக்கு ஒருமுறை விரல் ஓட்டைகளை டேப் போட்டு அடைத்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் பந்தை ஊறவைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, உறிஞ்சிய எண்ணெயை வெளியே எடுக்க வேண்டும். பிறகு தண்ணீர் தொட்டு 500-இல் தொடங்கி 1000, 2000 என்று வரிசையாகத் தேய்க்க வேண்டும். பந்தை ஆறு பக்கமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே அளவு நேரம், ஒரே அளவு அழுத்தம் கொடுக்க வேண்டும். சுழற்றும் இயந்திரம் இருந்தால் சுலபம். இல்லாதவர்கள் கையாலேயே செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

அந்த ஒரு காலையை நான் கொடுக்கவில்லை.

இதற்குக் காரணம் நேரமின்மை என்று என் மனைவியிடம் சொல்வேன், நண்பர்களிடமும் சொல்வேன். அது உண்மையில்லை. நாளிதழை விளம்பரம்வரை படிக்க நேரம் இருந்தது. மாலை லஸ் வரை காலாற நடந்து வர நேரம் இருந்தது. பந்தைக் கழுவவும் தேய்க்கவும் மட்டும் நேரம் இருக்கவில்லை. அந்த வேலையை நான் என் தகுதிக்குக் குறைவானதாக நினைத்தேன் என்பதுதான் உண்மை. ஆட்டம் என் கையில் இருக்கிறது, பந்து ஒரு கருவிதானே என்று நினைத்தேன். லேன் ஓரத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து துண்டும் புட்டியும் எடுத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பந்தைத் துடைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் கையில் நம்பிக்கை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று தோன்றும். அதை ஒருமுறை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். சொன்ன இடத்தில் அதைக் கேட்டுக்கொண்டு புதிதாகச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

பந்து காரின் டிக்கியிலேயே கிடந்தது. சித்திரை வெயிலில் காரை வெளியே நிறுத்திவிட்டு நாள் முழுக்க அலுவலகத்தில் இருப்பேன். மூடிய காருக்குள் பந்தை வைக்காதே என்பது பந்து தயாரிக்கிற எல்லோரும் கொடுக்கிற எச்சரிக்கை. சூட்டில் மேற்புறம் வெடிக்கக்கூடும். வெடிக்கவில்லை என்பதே எனக்குப் போதுமான சமாதானமாக இருந்தது. பந்தைச் சுற்றி ஒரு வளையமாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதன் மேல் டிக்கியின் தூசியும் ஒட்டியிருந்தது. அதைக் கையால் வழித்துவிட்டு ஆடப் போவேன்.

இப்படி இருந்தும் நான் தோற்காமல் இருந்தேன். அதுதான் என்னைக் கெடுத்தது. சாதாரண நாட்களில் லேனில் பூசுவது ‘ஹவுஸ் ஷாட்’ என்ற முறை. நடுவில் எண்ணெய் கெட்டியாகவும் ஓரங்களில் மெலிதாகவும் இருக்கும். பந்து கொஞ்சம் வெளியே போனால் உலர்ந்த ஓரம் அதைப் பிடித்துத் திருப்பிவிடும். உள்ளே வந்தால் நடு எண்ணெய் அதை வழுக்கவிட்டுக் காப்பாற்றும். செத்துப்போன மேற்பரப்பையும் அந்த உலர்ந்த ஓரம் ஓரளவு உயிரோடு காட்டியது. ஹூக் குறையக் குறைய நான் ஓரத்துக்கு நகர்ந்தேன், வேகத்தைக் குறைத்தேன். ஸ்கோர் பெரிதாக விழவில்லை. இதை அனுபவம் என்று பெயரிட்டுப் பெருமைப்பட்டேன்.

இறுதிப் போட்டிக்கு எண்ணெய் முறையை மாற்றுவதாக ஒரு வாரம் முன்பே அறிவித்துவிட்டார்கள். எண்ணெய் நீளமாகப் போகும், ஓரங்களிலும் நிறைய இருக்கும், தவறுக்கு இடம் குறைவு. இறுதியில் எனக்கு எதிராக ஆடப்போகிறவன் அடையாறு கஸ்தூர்பா நகர்ப் பையன். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. என்னிடம்தான் ஆட்டத்தின் பல விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டவன். அந்த வாரம் போன் செய்து, “அண்ணா, இந்த எண்ணெய்க்கு பந்தை எதுல வைக்கலாம்?” என்று கேட்டான். “ரெண்டாயிரம் நிக்காதுப்பா. முதல்ல எண்ணெய எடுத்துடு, அப்புறம் ஆயிரத்துல வை” என்றேன். சரியான பதில். அவன் அப்படியே செய்தான். எதிராளிக்கு நேர்மையாக யோசனை சொன்ன திருப்தியோடு நான் போனை வைத்தேன். அதே வேலையை என் பந்துக்குச் செய்யவில்லை.

போட்டி மூன்று ஆட்டங்களின் மொத்தக் கணக்கில். முதல் ஆட்டத்தின் முதல் பந்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பந்து வழுக்கிக்கொண்டே போய், வளைய வேண்டிய இடத்தையும் தாண்டி, முதல் பின்னின் ஓரத்தை உரசிவிட்டுப் போனது. ஓரத்துக்கு நகர்ந்தால் அங்கேயும் எண்ணெய். வேகத்தைக் குறைத்தால் குறி தப்பியது. பின்களை இரண்டும் மூன்றுமாக விட்டுவிட்டு, அடுத்த பந்தில் மீதியை வீழ்த்தி ஸ்பேர் எடுத்து மானத்தைக் காப்பாற்றினேன். பக்கத்தில் அவனுடைய பந்து, மங்கலாக, பளபளப்பே இல்லாமல், நடு லேனிலேயே தளத்தைப் பிடித்து நிதானமாக வளைந்து போய்க்கொண்டிருந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடி தயாரித்த பந்து. இரண்டு ஆட்டம் முடிந்தபோது அவன் முப்பதுக்கும் மேற்பட்ட பின்கள் முன்னால் இருந்தான்.

அப்போதுதான் டிக்கியில் கிடக்கும் தேய்ப்புத் தாள்கள் நினைவுக்கு வந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பரிடம் கேட்டு வாங்கிய அப்ரலான் தாள்கள். வீட்டில் முறையாக வேலை செய்வதற்காக வாங்கியவை. உறையே பிரிக்கவில்லை. நியாயமான வேலைக்கு வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த அந்த உறையைக் கள்ள வேலைக்காக முதல்முறை பிரித்தேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, 500 எண் தாளால், எண்ணெய் வளையம் இருந்த பக்கமாக அவசர அவசரமாகத் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் குழம்பு வழிந்தது. செக்யூரிட்டி ஒருவர் அந்தப் பக்கம் வந்து, “என்ன சார், பங்க்சரா?” என்று கேட்டார். “இல்லைங்க, பந்தைத் துடைக்கிறேன்” என்றேன். அன்றைய இரண்டாவது பொய்யை, ஆட்டத்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு மனிதரிடம் சொன்னேன்.

மூன்றாவது ஆட்டத்தில் பந்து தளத்தைப் பிடித்தது. முதல் பந்தே பாக்கெட்டில் போய் விழுந்தது. அதன் பிறகு ஒரே பந்தில் பத்தும் விழும் ஸ்ட்ரைக்குகள் வரிசையாக வந்தன. 9 பின்கள் வித்தியாசத்தில் வென்றேன். என் பந்து கறுப்பு நிறம். அந்த வண்ண விளக்கில் அதன் பளபளப்பு போனதை யாரும் கவனிக்கவில்லை. அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கியபோது எனக்குக் கூச்சம் வரவில்லை. ஜெயித்த சந்தோஷம்தான் இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

பெரிய பொய் அடுத்த வாரம் வந்தது. பயிற்சிக்கு வந்த இடத்தில் அவன் என்னை ஓரமாக அழைத்து, “அண்ணா, மூணாவது கேம்ல என்ன மாத்துனீங்க? முதல் ரெண்டு கேம்ல உங்க பந்து திரும்பவே இல்லையே” என்று கேட்டான். சந்தேகத்தோடு கேட்கவில்லை. கற்றுக்கொள்ளும் ஆசையோடு கேட்டான். “தெரியல, அமைஞ்சுது” என்று சொல்லிவிட்டிருந்தால்கூடப் பாதகம் குறைவாக இருந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. வென்றதற்கு என் திறமை காரணமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். “கைதாம்ப்பா. கட்டைவிரல் வெளிய வந்ததும் மணிக்கட்டை உள்பக்கமா வளைச்சு, மத்த ரெண்டு விரலையும் பக்கவாட்டுல சுழட்டி எடுத்தேன். சுழற்சி கூடுச்சு, அந்த எண்ணெயையும் மீறித் திரும்புச்சு” என்றேன். எழுந்து நின்று செய்தும் காட்டினேன். பக்கத்தில் இருந்த வேறு சிலரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமைப் பயிற்சிகளில் அந்தப் பாடத்தை மறுபடியும் மறுபடியும் எடுத்தேன். ஒரு கட்டத்தில் நானே அதைப் பாதி நம்பினேன்.

அவன் முழுதும் நம்பினான். அவனுக்கு இயல்பாக வந்த அழகான ரிலீஸ் ஒன்று இருந்தது. கை பந்துக்குப் பின்னாலேயே இருந்து மென்மையாக விலகும். அதை விட்டுவிட்டு, நான் காட்டிய சுழற்றலைப் பழகினான். குறி போயிற்று. அது போனதும் இன்னும் கடுமையாகச் சுழற்றினான். மணிக்கட்டில் வலி வந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினான். பல மாதம் உழைத்துத் தயாரான மாநிலத் தேர்வுப் போட்டியில் அவனால் சரியாக ஆட முடியவில்லை. “இன்னும் கொஞ்சம் பழகினா வந்துடும்ணா” என்று அவன் என்னிடம் சொன்னபோது, “வரும்ப்பா, விடாதே” என்றேன். நான் செய்தவற்றில் மிகவும் மோசமானது இந்த வாக்கியம்தான்.

பந்தின் மேற்பரப்பு விஷயத்தில் மற்றவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஒருபோதும் தயங்கியதில்லை. 1977 ஜனவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் இங்கிலாந்தின் ஜான் லீவர் நெற்றியில் ஒட்டியிருந்த வாசலின் தடவிய துணிப்பட்டையைப் பற்றி, என் வயதுக்காரர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்திருப்பார்கள். அந்த வாசலினைப் பந்தில் தடவினார்கள் என்று இந்தியக் கேப்டன் பிஷன் சிங் பேடி வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். வியர்வை கண்ணில் இறங்காமல் இருக்கத்தான் பட்டை என்று இங்கிலாந்துத் தரப்பு சொன்னது. வேண்டுமென்றே செய்தது என்று எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் எனக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டதில்லை. யார் கேட்டாலும் “ஏமாத்தினாங்க” என்றே சொல்லிவந்தேன். 2018 மார்ச்சில் கேப்டவுனில் ஆஸ்திரேலியாவின் பேன்கிராஃப்ட் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்துப் பிடிபட்டபோது, கேப்டன் ஸ்மித்துக்கும் துணைக் கேப்டன் வார்னருக்கும் விதித்த ஓராண்டுத் தடை போதாது, ஆயுள் தடை கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் வாதாடினேன். அதற்குப் பிறகுதான் நான் பார்க்கிங்கில் உட்கார்ந்து என் பந்தைத் தேய்த்தேன். அந்த நிமிடம் கேப்டவுன் எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவர்கள் மாட்டிக்கொண்டார்கள், நான் மாட்டவில்லை. வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

பின்னால் ஒரு சமாதானத்தைத் தேடிப் படித்ததும் உண்டு. எங்கள் ஆட்டத்திலேயே டான் மெக்கியூன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் இருந்தார். பிளாஸ்டிக் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற ரசாயனத்தில் ஊறவைத்து அதன் மேற்புறத்தை மிருதுவாக்கினார். மிருதுவான பந்து லேனை நன்றாகப் பிடித்தது. 1973-இல் ஆறு பட்டங்கள் வென்று அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரானார். அவரும் மேற்பரப்பைத்தானே மாற்றினார் என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேற்ற முடியவில்லை. அவர் செய்தபோது அதற்குத் தடை இல்லை. பந்தின் கடினத்துக்கு எல்லை வகுத்த விதி அதற்குப் பிறகு வந்தது. எனக்கோ விதி இருந்தது, அதை நான் பாடமாகவே எடுத்திருந்தேன்.

அவன் மணிக்கட்டுக்குப் பிசியோதெரபி எடுத்துக்கொள்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகுதான் பேசினேன். அதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும். மயிலாப்பூரில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பார்க்கிங்கில் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் முதலில் கேட்டது, “எந்த கிரிட்?”

“ஐந்நூறு.”

“அதான்” என்றான். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தான். பிறகு சொன்னான்: “கப்பு போனா போகுது. நீங்க சொன்னதை நம்பி என் கையைக் கெடுத்துக்கிட்டேனே, அதை எங்க போய் வாங்குறது?”

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் கேட்கவில்லை. அண்ணா என்று கூப்பிட்டவன் இப்போது சார் என்கிறான். அதை மாற்றும் உரிமை எனக்கில்லை.

லீக் நிர்வாகிகளுக்கு எழுத்து மூலம் தெரிவித்தேன். முடிவை ரத்து செய்து பட்டத்தை அவனுக்குக் கொடுத்தார்கள். ஒரு பருவம் ஆடக் கூடாது என்று எனக்குத் தடை விதித்தார்கள். அதை முழுதாக அனுபவித்தேன். சிலர், “இவ்வளவு நாள் கழிச்சு எதுக்கு சார் கிளறுறீங்க?” என்று கேட்டார்கள். அவர்களுக்கு நல்லெண்ணம்தான். ஆனால் நான் சொல்லிக்கொடுத்த பொய்யான பாடம் இன்னும் நாலு பேர் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை.

இத்தனைக்கும் வேர் எங்கே என்று யோசித்துப் பார்த்தால் பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்களில் எனக்கு அது கிடைக்கவில்லை. அன்று திடீரென்று கெட்டவனாக மாறிவிடவில்லை. ஆடி முடித்துத் துடைக்காமல் பைக்குள் போட்ட ஒவ்வொரு இரவும், ஊறவைக்காமல் தள்ளிப்போட்ட ஒவ்வொரு ஞாயிறும் சேர்ந்துதான் என்னை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தன. பந்தை ஒழுங்காக வைத்திருந்தால் அன்று நான் தோற்றிருக்கலாம், வென்றிருக்கலாம். தேய்ப்புத் தாளைத் தேட வேண்டி வந்திருக்காது. சின்ன வேலையைச் செய்யாதவன் ஒருநாள் அதன் பலனை மட்டும் திருட்டுத்தனமாக எடுக்கத் துணிகிறான். நான் துணிந்தேன்.

இப்போது ஆடி முடித்ததும் பந்தைத் துடைத்துவிட்டுத்தான் ஷூவைக் கழற்றுகிறேன். பந்து வீட்டுக்குள் இருக்கிறது, காரில் இல்லை. எப்போது எண்ணெய் எடுத்தேன், எந்த எண் தாளில் எந்தத் தேதியில் தேய்த்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். போட்டியன்று முதல் பந்து விடுவதற்கு முன் அந்த நோட்டையும் பந்தையும் எதிராளியிடம் காட்டிவிடுகிறேன். தேய்ப்புத் தாள்கள் போட்டிக்கு வருவதில்லை, வீட்டிலேயே இருக்கின்றன.

கடைசியாக, சனிக்கிழமைகளில் என்னிடம் அந்தச் சுழற்றலைக் கற்றுக்கொண்டவர்களுக்கு: அன்று என் மணிக்கட்டு வளையவில்லை, விரல் சுழலவில்லை, எப்போதும் விடுகிற மாதிரிதான் விட்டேன். முதல் இரண்டு ஆட்டங்களில் என் பந்து எண்ணெய் ஏறி வழுவழுத்துப்போயிருந்தது. மூன்றாவதில் 500-இல் தேய்த்த பந்து. மாறியது அது ஒன்றுதான். நான் காட்டியதை விட்டுவிட்டு உங்கள் பழைய ரிலீசுக்குத் திரும்புங்கள். பந்து திரும்பவில்லை என்றால் கையைச் சந்தேகிப்பதற்கு முன் பந்தைக் கழுவுங்கள். எப்படிக் கழுவுவது என்று தெரியாதவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் மந்தைவெளிக்கு வாருங்கள். இந்த முறை சரியாகச் சொல்லித் தருகிறேன்.